இருபத்திரண்டு மில்லிமீட்டர்

பட்டறையில் வைரத்தை அளக்கும் அதே வெர்னியர்தான்.
டாக்டர் மித்தாலி வோரா அதைத் துடைத்து
என் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைக்கிறார்.
"திறங்க லவ்ஜிபாய். இன்னும். இன்னும் கொஞ்சம்."
இன்னும் என்று ஒன்று இல்லை.
இருபத்திரண்டு.

கல்லில் ஒரு மயிரிழை பிசகினால்
சக்கரத்தை நிறுத்திவிடுகிறவன் நான்.
பதினோரு வருடமாய் வாய் மூடிக்கொண்டு வந்ததை
அளக்கத் தோன்றவில்லை.
சீவல், சுண்ணாம்பு, புகையிலைத் தூள்;
பிளாஸ்டிக் தாளோடு உள்ளங்கையில் கசக்கி
கன்னத்துக்குள் அடக்கினால்
ஒரு மாவாவுக்கு நாலு பட்டை தீட்டலாம்.

பாவ்நகர் பல் மருத்துவமனையில் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு நாரைக் கரைக்கும் நொதி.
பக்கத்துச் சக்கரத்து ஹர்ஜீவனுக்கு ஸ்டீராய்டு.
"எது மேல், மேடம்?"
"தெரிஞ்சா எதுக்குச் சீட்டு?"
அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நொதி எதிலிருந்து என்று கேட்டேன். மறைக்கவில்லை.
செம்மறி ஆட்டிலிருந்து.
வெங்காயமே ஏறாத வீடு எங்களுடையது.
கையெழுத்துப் போட்டேன்.
ஜசுமதியிடம் சொல்லவில்லை;
அதற்கு வாய் திறக்காதது மட்டும்
நோயினால் அல்ல.

புதன்தோறும் ஊசி.
வெளுத்து விறைத்த கன்னத்துக்குள்
மருந்து போக இடமில்லாமல் போகும். கண்ணில் நீர் வரும்.
வெளியே பெஞ்சில் நாங்கள் கணக்குப் பார்ப்போம்.
மூன்றாம் வாரம் நான் இருபத்து நாலு, அவன் இருபத்து மூன்று.
ஆனால் அவன் மிளகாய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு
பாஜ்ரா ரொட்டி தின்றானாம், எரியவே இல்லையாம்.
எனக்கு ஆறின டீயும் தீ.
"உன் ஆடு கதவைத் திறக்குது,
என் மருந்து அடுப்பை அணைக்குது" என்று சிரித்தான்.
சிரிப்பும் இருபத்து மூன்றுதான்.

ஏழாம் வாரம் பெஞ்சில் நான் மட்டும்.
அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு. அவ்வளவே.
மறுநாள் டீ லாரிக்குப் பக்கத்தில் பார்த்தேன்,
இடது கன்னம் புடைத்திருந்தது.
கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.
என் சட்டைப் பையில் அப்போது
ஒரு பொட்டலம் இல்லை என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

இரவில் ஐஸ் குச்சிகளை அடுக்கிப்
பல்லிடுக்கில் திணித்து உட்கார்ந்திருப்பேன்.
ஊசி பாதி, குச்சி பாதி என்கிறார் டாக்டர்.
மகள் ரீவா எண்ணுவாள்: பதினாறு, பதினேழு,
அப்பா எச்சில் ஒழுகுது, பதினெட்டு.

இன்று கடைசி அளவு. முப்பத்தொன்று.
எந்த மருந்து ஜெயித்தது என்று கேட்டேன்.
இன்னும் நாற்பது பேர் பாக்கி, பொறுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் பானிபூரி வண்டி.
என் வெர்னியரை எடுத்து ஒரு பூரியை அளந்தேன்.
நாற்பத்து மூன்று.
வண்டிக்காரன் என்னையும் கருவியையும் மாறிமாறிப் பார்த்தான்,
பிறகு கூடையைக் கிளறி
உப்பாத ஒன்றைத் தேடி எடுத்தான்.
முப்பத்து மூன்று.

தண்ணீர் ஊற்று என்றேன்.
காரம் வேண்டாம்.