நாற்பது யூரோ

ராயக்கோட்டை மேம்பாலத்தின் கீழே
வண்டியை ஓரம் கட்டினேன்.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் வாசனையோடு
மழை பிடித்துக்கொண்டது.
சீட்டுக்கடியில் நாலு மாதமாய் மடிந்து கிடந்த
நீல மழைக்கோட்டை உதறிப் போட்டால்
வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே
எதுவோ முட்டியில் இடிக்கிறது.
பையின் ஓட்டைக்குள் விரல் விட்டு
இழுத்தேன்.

சாவி.

போர்ட்டோவின் சாவி, பிலோமினா.
பச்சை நூல் கட்டிய
மூன்றாம் மாடிச் சாவி.
நீதான் தொலைத்தாய் என்று
நான் சாதித்த சாவி.

ஓசூரிலிருந்து பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்பினார்கள்.
முடிந்ததும், எங்கேயாவது நாலு நாள் என்றாய்.
மலிவான டிக்கெட் எதுவோ அதுவே ஊர்.
பிப்ரவரிக் குளிரில் பெட்டியைப் படியேற்றி
மூச்சு வாங்க நின்றபோது
வீட்டுக்காரம்மா சாவியை நீட்டி
'ஷாவ்' என்றாள்.
நீ திடுக்கிட்டு, சாவி? என்றாய்.
அவள் ஜன்னலைத் திறந்தாள், அது 'ஜனேலா'.
நீ மேஜையைத் தட்டினாய், அலமாரியைத் தட்டினாய்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
'எங்க வீட்டுச் சாமானையெல்லாம் எப்பம்மா
தூக்கிட்டு வந்தீங்க?'
சுத்தத் தமிழில் வம்புக்கு நின்றாய்.
ஒன்றும் புரியாமல் அவள் சிரித்த சிரிப்பு
அந்தப் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

கோட்டை மலைக்கு அடியில் பிறந்து
இருபத்தெட்டு வருஷம் அதில் ஏறாதவளை
மணிக்கூண்டில் ஏற்றினாய்.
இருநூற்றுச் சொச்சம் படி, எண்ணியது நீ, திட்டியது நான்.
ஆற்றுக்கு மேலே அத்தனை உயரத்தில் பாலம்,
பக்கத்திலேயே உரசுவதுபோல் ரயில்.
கண்ணை மூடிக்கொண்டு
உன் பை வாரைப் பிடித்தபடி கடந்தேன்.
அந்த ஆறு எப்படி இருந்தது என்று
உன்னைக் கேட்டுத்தான் தெரியும்.
சாப்பாட்டுக் கடையில் வெள்ளைத் துணி விரித்து
மெழுகுவர்த்தி ஏற்றி என்னவோ கொண்டுவந்தார்கள்.
முகர்ந்து பார்த்து,
'பர்கூர் சந்தைக் கருவாடுடி இது' என்றாய்.
பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் நாள் ராத்திரி, மழை,
பூட்டிய கதவு.
உன் கைப்பையைப் படியில் கொட்டினேன்:
ஜெபமாலை, எள்ளுப்பொடி டப்பா,
தேவாலயத்தில் எடுத்த துண்டுச் சீட்டுகள்,
மெட்ரோ டிக்கெட், பாதி பிஸ்கட்.
இது பையா, குப்பைத்தொட்டியா
என்று கேட்டேன்.
சத்தமாகத்தான் கேட்டேன்.
கீழ்மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.
வீட்டுக்காரம்மா வீட்டுச் செருப்போடு
ஊரின் மறுகோடியிலிருந்து வந்தாள்.
இந்த முறை சிரிக்கவில்லை.
நாற்பது யூரோ.
நீ சில்லறை வரைக்கும் எண்ணிக் கொடுத்தாய்,
என் பக்கம் திரும்பவில்லை.

கடைசி நாள் நீ பூசைக்குப் போனாய்.
நான் கரையோரம் படகுகளைப்
படம் எடுத்துக்கொண்டிருந்தேன், நூற்றுப் பன்னிரண்டு.
நல்ல வெயில் அன்றைக்கு.
எதிலும் நீ இல்லை.

வந்ததும் கணக்குப் போட்டது நான்தான்.
விமானம், அறை, கருவாடு, எல்லாம் பாதிப் பாதி.
சாவி மட்டும் முழுசாய் உன் பத்தியில்.
நீ அதைத் திருத்தவில்லை.
கேன்டீனில் தட்டோடு வேறு மேஜைக்குப் போனாய்,
அவ்வளவுதான்.

மழை விடுவதாயில்லை.
போன் போட்டேன்.
எடுப்பாய் என்று நினைக்கவில்லை.
'சொல்லு' என்றாய்,
பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்,
சனிக்கிழமை, எலத்தகிரிக்குப் போகிறாய் போலிருக்கிறது.
ஒண்ணு காட்டணும் என்றேன்.
வீடியோவில் சாவியைத் தூக்கிப் பிடித்தேன்,
திரையெல்லாம் தண்ணீர்.
துடைத்துத் துடைத்துக் காட்டினேன்.

எங்கே இருந்தது என்று நீ கேட்கவில்லை.
கோட்டுக்குள்ள, என்று நானே சொன்னேன்.
என் கோட்டுக்குள்ள.

ரொம்ப நேரம் கழித்து,
'நாப்பது யூரோ.
அன்னைக்கு ரேட்டு வேணாம்.
இன்னைக்கு ரேட்டுக்குப் போடு' என்றாய்.

சிரித்தாயா தெரியவில்லை.
அதற்குள் ஒரு கிரானைட் லாரி
பாலத்தடியில் ஹாரனை அழுத்திக்கொண்டு போனது.