எழுப்பக் கூடாது

ஆறு மணி நேரம். கறுப்பு ஸ்கோடா.
தண்ணீர் பாட்டில் இரண்டு. வழிகாட்டி நான்.
புடாபெஸ்டைக் காரில் காட்டுவது என் தொழில்.
இதில் ஒரு கேலி உண்டு:
காண வேண்டியவற்றில் பாதி
கார் நுழையாத இடத்தில் இருக்கிறது.
சங்கிலிப் பாலத்தில் எனக்கு வழியில்லை.
கோட்டைக் குன்றில் தடைக்கம்பி.
"அதோ" என்று சொல்லத் தெரிந்தவள்தான்
இந்த ஊரில் பிழைப்பாள்.

இன்றைய விருந்தினர்
மான்டிவிடியோவிலிருந்து ஒரு தம்பதி.
நேற்றிரவு இறங்கியவர்கள்.
உடம்பு இங்கே,
உறக்கம் இன்னும் அட்லாண்டிக் மேலே.
வீரர் சதுக்கத்தைச் சுற்றும்போது
குதிரைமேல் நிற்கும் ஏழு தலைவர்களில்
ஐந்தாவது பெயர்வரை வந்திருந்தேன்.
கண்ணாடியில் பார்த்தேன்:
அவர் வாயைத் திறந்துகொண்டு,
அந்த அம்மாள் அவர் தோளில் சரிந்து,
மடியில் விரித்தபடி என் நகரம்.

நிறுவனத்தின் பதினொன்றாவது விதி:
உறங்கும் விருந்தினரை எழுப்பக் கூடாது.
விதியில் இல்லாதது, நானே கண்டது:
எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வார்கள்.
ஆறாவது தலைவனை
வாயிலேயே விழுங்கினேன்.

பத்தே முக்கால்.
காட்ட ஊர் இருக்கிறது, பார்க்க ஆளில்லை.
வளைவில் திரும்பியபோது
டிக்கியில் அது உருண்டது.

டிரில்லிங் மெஷின். திஹமேருடையது.
விவாகரத்தில் கரண்டிகளைக்கூட
எண்ணிப் பிரித்தோம்.
இது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.
இரண்டு வருஷமாக
யார் யார் பெட்டிகளுக்கோ அடியில்
ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோபான்யா பக்கம் திரும்பினேன்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத தெருக்கள்:
டயர் கடை, பியர் ஆலையின் செங்கல் சுவர்,
ரயில் தண்டவாளத்தில் நான்கு நிமிஷம்.
இந்த ஏழு கிலோமீட்டரை
எந்தக் கணக்கில் எழுதுவது?

திஹமேர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தான்.
வாயைத் திறக்கும் விதத்திலேயே தெரிந்தது.
உதட்டில் விரல் வைத்து
பின்னிருக்கையைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.

"யாரு?"
"உருகுவே."
"செத்துட்டாங்களா?"
"தூங்கறாங்க."

பன்னிரண்டு வருஷம்
கத்தாமல் நாங்கள் எதையும் முடித்ததில்லை.
இப்போது கத்த வழியில்லை.
எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருக்க,
கிசுகிசுத்தால் எந்தக் குற்றச்சாட்டும்
ரகசியம் போலத்தான் கேட்கிறது.

"கடைசி கேஸ் பில்ல நீ கட்டவே இல்ல"
என்றான், காதோரம்.
"உங்கக்கா என்னைப் பாத்தா
ரோட்டைத் தாண்டிப் போறா"
என்றேன், காதோரம்.
எதிர்வீட்டு மாடியில் போர்வை உதறியவள்
எங்களைக் காதலர்கள் என்றே நினைத்திருப்பாள்.

மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
"எட்டாம் நம்பர் பிட் எங்க?"
"தெரியாது."
"சரி."
சரி என்று சொல்லத் தெரிந்தவன்தான் போல.

டிக்கியை அவனே மூடினான்,
இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி,
ஒரு சத்தமில்லாமல்.

மார்கிட் பாலம் நடுவில் வளையும் இடத்தில்
இருவரும் விழித்தார்கள்.
"எதையாவது தவற விட்டோமா?" என்றார் அவர்.
"இல்லை. அதோ நாடாளுமன்றம்."
அவர் படம் எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில்
தன் நெற்றியும் சேர்ந்து விழ.

அந்த அம்மாள் மட்டும்
வரைபடத்தை மடித்தபடி கேட்டாள்:
"ஓர் இடத்தில் நின்றோமே.
யாரோ இரண்டு பேர் ரகசியம் பேசினார்கள்.
அது எந்த இடம்?"

கோபான்யா, என்றேன், தொழிற்குரலில்.
கற்சுரங்கம் என்று பொருள்.
நீங்கள் காணும் மாளிகைகள் பலவற்றுக்கு
அங்கிருந்துதான் கல் வெட்டினார்கள்.
வெட்டிய இடம் அப்படியே இருக்கிறது,
தெருக்களுக்கு அடியில்,
மைல் கணக்கில், சில்லென்று.
காரில் போக முடியாது.

"எந்தப் பக்கம்?"

"அதோ" என்றேன்.
திரும்பினாள்.
ஒரு மஞ்சள் ட்ராம்
அந்தத் திசை முழுவதையும் மறைத்துக்கொண்டு
நிதானமாகப் போனது.