ஓடுச்சா இல்லையா

களக்காட்டு வாழைத்தோட்டக்காரனிடம் கேட்டேன்.
'ரேட் எவ்வளவு தருவீங்க' என்றான்.
ராதாபுரத்தில் ட்ரோன் பறக்கவிடும் இரட்டையர்
ஒரு கட்டைவிரல் அனுப்பினார்கள்,
அதோடு சரி.
சேரன்மகாதேவியில் தூண்டில் போடுகிறவர்
'மோட்டாரையும் மீனையும் எப்பிடிம்மா சேக்க' என்று
நியாயமாகத்தான் கேட்டார்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
பணகுடியில் பட்டறை ஷட்டரைத் தூக்குமுன்
தினமும் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.
பின்னால் நிற்கிற காற்றாலை மாதிரி இல்லை அது,
ஆடி மாதத்திலும் அசையாது.

செய்யதலிக்கு எண்பத்தோராயிரம்.
மேலப்பாளையத்துக்காரன். சாப்பிடுகிறவன்.
எதைத் தின்றாலும் கண்ணை மூடி
'ஸ்ஸ்ஸ், வேற ரகம்வே' என்பான்.
அவன்தான் கூப்பிட்டான்:
'நாங்குநேரியில ஒரு கடை, கிரைண்டர் நின்னு போச்சு.
நீங்க பிரிங்க, நான் தின்னுதேன்.
முதல் பாதி எனக்கு, மறுபாதி உங்களுக்கு.'

கடைக்காரர் பெயர் மாசானம்.
ரெண்டு வாளி அரிசி, ஒரு வாளி உளுந்து
விடியலில் இருந்து ஊறிக் கிடந்தன.
அடிமூடியைக் கழற்றினேன்.
கெப்பாசிட்டர்
பூரி மாதிரி உப்பியிருந்தது.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
நூற்றிருபது ரூபாய்ச் சாமான்,
என் பையிலேயே புதுசு கிடந்தது.

'சொல்லிராதீங்க அக்கா' என்றான் செய்யதலி காதோரம்.
'தெரியாத மாதிரி இருங்க. கொஞ்சம் குழம்புங்க.
என் பாதி அதுலதான் முடியணும்.'

குழம்பினேன்.
பேரிங்கைத் தட்டிப் பார்த்தேன், தேவையில்லாமல்.
வயரை முகர்ந்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
ஒரு மோட்டார் முன்னால் வாயைப் பிளந்து நின்றேன்.
'ஓடுச்சா இல்லையா, பொன்செல்வி மோட்டார்ஸ்ல பாருங்க மக்களே'
என்று அவன் கேமராவுக்குச் சொல்ல,
வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை சொல்ல,
லாரி ஆரன் விழுந்தது என்று மூன்றாம் தடவை சொல்ல,
மாசானம் உளுந்து வாளியில் கைவிட்டு
விரலை முகர்ந்து பார்த்தார்.
'நேரமாகுமாம்மா?'
அவ்வளவுதான் கேட்டார்.
என்னை நம்பித்தான் கேட்டார்.

பத்து நாளில் ஆறாயிரத்தைத் தாண்டியது.
முகப்புப் படத்தில் அந்த வாய்பிளந்த முகம்,
அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.
அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒருத்தர் போன் போட்டார்:
'கிரைண்டருக்கே உங்களுக்கு வெளங்கல,
எங்க மில்லு மோட்டாரைக் கொண்டாரலாமா?'
கேட்டாரே தவிர, கொண்டுவரவில்லை.

அடுத்த வீடியோவுக்குச் செய்யதலி கூப்பிட்டபோது
நான் ஒன்றுதான் சொன்னேன்.
எனக்குத் தெரிந்தால் தெரிந்ததுதான்.
உனக்கு உப்புக் கூடினால் கூடியதுதான்.
ரொம்ப நேரம் போனில் வண்டிச் சத்தம் மட்டும்.
பிறகு,
'கடைக்காரங்க கோவிச்சுக்கிடுவாங்களே அக்கா.'
'மாசானம் கோவிச்சாரா?'

நாங்குநேரிக்கே போனோம், அதே கடைக்கு.
உப்பிய கெப்பாசிட்டரைக் கையில் தூக்கி
'இது அன்னைக்கே தெரியும், மறைச்சேன்' என்றேன்.
சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது,
இன்னொரு தடவை எடுக்கவில்லை.
செய்யதலி தோசையைப் பிட்டான்.
கண்ணை மூடவில்லை.
மென்றான், என்னைப் பார்த்தான், மென்றான்.
'அண்ணாச்சி... லேசாப் புளிப்பு கூட.'

மாசானம் தோசைக்கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.
'அன்னைக்கில்லாவே புளிச்சுது!
ஊறினது பூரா கெட்டு, அதைத்தானே ஊத்தினேன்!
அன்னைக்கு வேற ரகம்னீரே!'

அதை நானும் வெட்டவில்லை,
அவனும் வெட்டவில்லை.

இதுவரை நானூற்றெண்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.
அவனிடமிருந்து இருபது பேர் கழன்று போனார்கள்,
என்னிடமிருந்து எட்டு.
கணக்கைப் படம் பிடித்து
செய்யதலிதான் அனுப்பியிருந்தான், நேற்று ராத்திரி.
கீழே ஒரு வரி:
'தென்காசியில ஒரு ஐஸ் கம்பெனி, கம்ப்ரசர் நின்னு கெடக்காம்.
சர்பத் நல்லா இருக்காதுன்னு சொல்லுதாங்க.
வருவீங்களா?'