மூன்று விலைமனுக்கள்

கச்சேரிக்கு ஒரு மேசைவிசிறி வாங்குவதென்றாலும்
மூன்று விலைமனு வேண்டும்.
பதினான்கு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்,
கோட்டைச் சுவருக்குள், வாவிப் பக்க ஜன்னலோரம்,
இருந்துகொண்டே.

அந்த இருந்துகொண்டேயில்தான் வந்தது வினை.
கல்முனை பஸ்ஸில்
ஒரு கால் படியில் ஏறிவிட்டது, மற்றது வரவில்லை.
பின்னால் நின்ற பொடியன்
மூட்டையைத் தள்ளுவது போல் என்னைத் தள்ளிவிட்டான்.
நன்றி சொன்னேன்.
அன்றிரவு நித்திரை இல்லை.

போதனா வைத்தியசாலையில் பிசியோ மிஸ் வாசவி
குப்புறப் படுக்கவைத்துப் பெருவிரலால் அமத்தினாள்.
"இது உறக்கம். இதுட வேலையையும் சேர்த்து
நாரிதான் பார்க்குது."
எனக்கு உடனே விளங்கிற்று:
பதில் கடமை.
ஒரு சதம் கொடுப்பனவு இல்லாமல்
என் நாரி இத்தனை வருடம்
பதில் கடமை பார்த்திருக்கிறது.

உறங்கினவருக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை.
துண்டில் பிட்டம் என்று எழுதியிருந்தாள், விஞ்ஞானப் புத்தகம் மாதிரி.
ஜிம்மில் குளூட்ஸ்.
எங்கள் வீட்டில் அது ஏச்சில் மட்டும் வரும்:
"குண்டிய அசைச்சு ஒழும்பினா என்னகா?"
யோசித்துப் பார்த்தால்
மருத்துவமும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே விலைமனு கோரினேன்.

கல்லடி ஜிம், றெஜினோல்ட்: லமினேட் பண்ணிய தாள்.
கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஏழு பயிற்சி,
மெஷின் எல்லாம் புதிது.
"ஆறு கிழமையில வடிவா வந்திரும் அக்கா."
நான் வடிவு கேட்கவில்லை, தம்பி.
பஸ் படி கேட்டேன்.

டோஹாவிலிருந்து மச்சாள் ஜெசிந்தா அனுப்பினது
ஒரு ரப்பர் பட்டியும் முப்பது நாள் அட்டவணையும்.
நாளுக்கு நூறு தரம் குந்தி எழும்பு, மறுகா நூற்றைம்பது, இருநூறு.
பாரம் அப்படியே இருக்க எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது.
இந்தத் தந்திரம் எனக்குப் பழசு.
வேலை நகராமல் கோப்பு தடிக்கும்.

மூன்றாவது, அந்தக் கிளினிக் துண்டின் பின்பக்கம்.
வாசவியின் சாய்ந்த எழுத்து.
வாங்கில் தோள் வைத்து, இடுப்பில் கம்பி வைத்து, மேலே தள்ளு.
பாரம் பிடித்துக் குனிந்து நிமிர்.
ஒரு படி ஏறு, இறங்கு.
கிழமைக்கு இரண்டு நாள். எட்டுத் தரம்.
இன்னும் இரண்டு முடியும் என்கிற இடத்தில் நிற்பாட்டு.
லேசாகிவிட்டால் இரண்டரைக் கிலோ கூட்டு.
பக்கத்தில் ஒரு வெறும் நிரல்: எத்தனை கிலோ.

அந்த வெறும் நிரல்தான் என்னைப் பிடித்தது.
அதோடு, கார்த்திகை வரும்.
கல்லடிப் பாலத்தில் குடை கிறுகும்,
மாத முடிவு வரும், கரண்ட் போகும்,
ஐந்து நாள் திட்டம் முதல் வெள்ளத்தோடு போய்விடும்.
பரிந்துரை: மூன்றாவது.
காரணம்: மாரியிலும் நடக்கும்.

பெண்கள் நேரம் செவ்வாயும் சனியும், ஐந்தரை.
காத்தான்குடியில் பேக்கரி வைத்திருக்கும் றிஸ்மியா
குனியச் சொல்லித் தந்தாள்:
"ரெண்டு கையிலயும் தட்டு. கதவ எதால சாத்துவீங்க?"
நான் கோப்புகளோடு தினமும் சாத்தும் கதவு!
முழங்கால் வளையவில்லை, இடுப்பு பின்னால் போனது,
அங்கே ஏதோ
யாரோ பெயர் கூப்பிட்டது போல் திடுக்கிட்டது.

கம்பி மட்டும் இருபது கிலோ. எலும்பில் உறுத்தும்.
துவாயை மடித்து வைத்துத் தள்ளினேன்,
முகட்டைப் பார்த்தபடி, வெட்கத்தோடு.
மூன்றாம் கிழமை வெட்கம் போய்விட்டது,
உறுத்தல் போகவில்லை.

நிரலில் இருபது, இருபது, இருபத்திரண்டரை.
பிறகு ஒரு கோடு: வெள்ளம், வரவில்லை.
சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.
திரும்ப இருபது.

நேற்று மூன்று மணிக்கு
மேசையில் கை ஊன்றாமல் எழும்பினேன்.
எழும்பின பிறகுதான் தெரிந்தது.
பக்கத்து மேசை யோகானந்தம் சேர்
தலை நிமிரவில்லை.
கதிரையில் என் பள்ளம் அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை முப்பது.