நிற்கத் தெரியாத வண்டி

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
ஆயர் தாவாரிலிருந்து சித்தியவான் வரைக்கும்
செம்பனைக் குலை லாரிகளை முந்திக்கொண்டே போகும்.
சிவப்பு விளக்கில்தான் செத்துப்போகும்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஹோண்டா.
இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்,
என்னைவிட மூன்று வயது மூத்தது.
ஆறு வருஷமாய் ஒவ்வொரு சந்திப்பிலும்
கைப்பிடியை முறுக்கி முறுக்கி
அதை உயிரோடு வைத்திருந்தேன்.
பக்கத்துக் காரில் இருப்பவர்கள்
நான் பந்தயத்துக்குக் கூப்பிடுவதாக நினைப்பார்கள்.
ஆலையில் தராசுக் குமாஸ்தா நான்.
யாரையும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, மழை விட்டிருந்தது.
எஞ்சினை ஓடவிட்டு
இரண்டு புகைக்குழாயிலும் தண்ணீர் தெளித்தேன்.
இடது குழாயில் துளி சுள்ளென்று துள்ளி மறைந்தது.
வலது குழாயில்
துளி உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

வலதைக் கழற்றினேன்.
கிண்ணத்துக்கு நான்கு திருகாணி.
ஒன்றின் தலை தேய்ந்திருந்தது,
முன்னால் யாரோ கோபத்தோடு திருகியிருக்கிறார்கள்.
உள்ளே ஆறிப்போன தேஓ நிறத்தில் பெட்ரோல்,
அடியில் டாங்கியின் துரு, மணல் மாதிரி.
மிதவையைத் தூக்கி மைலோ டின் மூடியில் வைத்தேன்.

எடைச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டுப் பார்த்துத்தான்
எனக்கு விளங்கியது.
எஞ்சின் இழுப்பது வெறும் காற்றை.
குறுகிய தொண்டையில் காற்று நெருக்கிக்கொண்டு ஓட,
கிண்ணத்தில் சும்மா கிடக்கும் பெட்ரோல்
எழுந்து பின்னாலேயே போய்விடுகிறது,
சாமி ஊர்வலத்தின் பின்னால்
வேலையில்லாதவன் போவதுபோல.
முழு வேகத்துக்குப் பெரிய ஜெட்.
பாதி வேகத்துக்கு ஊசி.
நிற்கிற நேரத்துக்கென்று தனியாக ஒரு பித்தளைத் துண்டு,
பைலட் ஜெட்,
அதன் நடுவில் ஓர் ஓட்டை.
ஓட்டை என்று சொல்லக்கூடக் கூச்சமாயிருந்தது.

வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
இடது பக்கத்து ஜெட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி.
வலதில் இருட்டு.

ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.
மறுநாள் மாலை, பழைய சார்ஜர் வயரை உரித்து
ஒற்றைச் செம்பு இழையால் பின்பக்கமிருந்து தள்ளினேன்.
காகிதத்தில் ஏதோ விழுந்தது.
அழுக்கில்லை.
பழுப்பாய், கூராய், கண் இமைக்கும் குறைவாய்
ஓர் ஈர்க்கு நுனி.

எனக்குத் தெரிந்த ஈர்க்கு.
இந்த வீட்டுத் துடைப்பத்தில் உருவியது.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
வேலைக்கு நேரமாகிவிட்டதென்று
பத்து நிமிஷத்தில் குத்திக் குடைந்து
சுத்தம் செய்தவள் நான்தான்.
அந்தத் திருகாணியும் என் கோபம்தான்.

மறுநாள் வண்டி விளக்கில் நின்றதும்
நேரே எத்திராஜுவின் கடைக்குப் போனேன்.
அவன் வாசலில் வரிசையாய் வைத்திருந்த பெட்ரோல் பாட்டிலில்
ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஐந்து பேர் முன்னால் கேட்டேன்:
"தண்ணி கலந்து விக்கிறியா?"
அவன் பாட்டிலைத் திரும்ப வாங்கித்
துணியால் துடைத்து வைத்தான்.
அடுத்த வாரம் அந்த வரிசையே இல்லை.
அதன்பிறகு ரொட்டிக்கும் சீனிக்கும்
நான் வேறு கடை.

நாற்பது டன் லாரி வந்தாலும்
தயங்காமல் எழுதுகிற கை இது.
ஈர்க்கு நுனியை எடைச்சீட்டில் மடிக்கும்போது
மூன்று முறை தவறவிட்டது.

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன்,
சாவியைத் திருப்பாமல்.
எத்திராஜு கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டைப் பிரித்தான்.
"என்ன இது?"
"உன் பெட்ரோல்ல இருந்த தண்ணி."

கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு வெங்காயம் நிறுக்கும் தராசின் தட்டில்
அதை மெதுவாய் வைத்து,
முள்ளைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"எடையே காட்டலையே, தராசு," என்றான்.
அதுதான் இந்த ஊரில் என் பேர்.
ஆறு வருஷமாய் அவன் வாயில் கேட்காத பேர்.

ரொட்டி வாங்கினேன். சில்லறையை எண்ணிக் கொடுத்தான்,
ஒரு காசு குறைக்காமல்.
வெளியே வண்டி,
இரண்டு குழாயும் சூடாய்,
அணையாமல்
நின்றுகொண்டிருந்தது.