கேள்வி எண் முப்பத்தொன்று

பிறையில், கையுறைத் தொழிற்சாலையின் ஆறாம் வாசலுக்குப் பின்னால்
குளிரூட்டிய ஒரு சிற்றறை.
இந்த வாரம் அதுதான் ஐரோப்பா.

நேற்றிரவு விடுதியின் ஒவ்வோர் அறையிலிருந்தும்
ஐந்து கட்டில்களைத் தூக்கிப்போய்ப்
பழைய கந்தகக் கிடங்கில் அடுக்கினார்கள்.
காலையில் அளவுநாடா வந்தது.
ஒருவன் இருமினால்
அடுத்தவன் தலையணைக்குப் போய்ச் சேராத தூரம்
இருக்கிறதா என்று பார்த்தது.
இருந்தது.
மிச்சம் ஐந்து பேர் எங்கே படுத்தார்கள் என்று
நாடா கேட்கவில்லை.

வந்தவர்கள் இருவர்.
ஆனெலீஸ், மூக்கை வெயில் உரித்திருந்தது.
மத்தியாஸ், கொடுத்த நெஸ்லோவைத் தொடவேயில்லை.
அவர்கள் பக்கத்தில் பல நாடுகள் கூடி உட்கார்ந்து
உடம்பும் வேலையும் ஒரே கோப்பில் இருக்கட்டும்
என்று தீர்மானித்தார்களாம்.
இங்கே அவை இரண்டு கட்டடம்.
நடுவில் லாரி போகும் பாதை.

நான் யோகமலர், மொழிபெயர்ப்பு.
நாளுக்கு நூற்றெண்பது வெள்ளி, மதியச் சோறு சேர்த்து.
காலையிலிருந்து ஓர் இருமலை
நெஞ்சுக்குள் உட்காரவைத்திருக்கிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பூவலிங்கம் வந்தார்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?
'என்கிட்டதான். திங்கக்கிழமையிலருந்து.'
அந்தத் திங்கட்கிழமையையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.
கண்ணாடிக்கு வெளியே ஹாஷிம்
பேனாவைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

நோய்விடுப்பு எடுத்தால் கூலி உண்டா?
'எடுத்ததில்லையே.'
காய்ச்சல் வந்ததே இல்லையா?
'வந்துச்சு. நைட் ஷிப்டுல வந்துச்சு,
நைட் ஷிப்டுலயே போயிருச்சு.'

முப்பத்தொன்றில் நான் நின்றுவிட்டேன்.
அவர்கள் சொல்லுக்குள்
உடம்பு, மனசு, தூக்கம், நாளைக்கும் வேலை இருக்கும் என்ற தைரியம்
எல்லாம் ஒரே பையில் கிடந்தன.
தமிழ்ப் படிவத்தில் யாரோ 'நல்வாழ்வு' என்று போட்டிருந்தார்கள்.
உங்கள் நல்வாழ்வு எவ்வாறு உள்ளது?
ஒன்று முதல் ஐந்துக்குள் குறிப்பிடவும்.
பூவலிங்கம் விழித்தார்.
கல்யாணப் பந்தலில் அச்சடித்துக் கொடுக்கும் சொல் அது.
தாளைக் கவிழ்த்துவிட்டு
'சுகமா இருக்கீங்களா?' என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார்,
கடிதத்துக்குப் பதில் போடுகிறவர் மாதிரி.
'சுகம். இவங்க ஊர்ல எல்லாரும் சுகமா?
அந்த நோய் வந்தப்ப நெறைய பேரு போயிட்டாங்கன்னு சொன்னாங்க.
நாங்க அப்ப பன்னெண்டு மணி நேரம் போட்டோம்.
எங்க ரூம்லயும் ஒருத்தன் போனான், திலக்குன்னு, நேபாளத்துப் பையன்.
நாம போட்ட கையுறை பத்துச்சான்னு கேளுங்க.'

கேட்டேன்.
ஆனெலீஸின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.
படிவத்தில் அவளுக்கென்று ஒரு கட்டமும் இல்லை.
'என் அக்கா செவிலி,' என்றாள் கொஞ்சம் கழித்து.
'மார்ச் முழுக்க ஒரே ஜோடியைக் கழுவிக் கழுவிப் போட்டாள்.
ஏப்ரல் கடைசியில்தான் பெட்டிகள் வந்தன.'

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்
தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்து
மேசைமேல் விரித்தார்.
ஊறிய அவல்போல் தோல்,
இரண்டு விரல்களில் நகமே இல்லை.
'வந்துச்சுல்ல,' என்றார். 'அப்ப நாலு போடுங்க.'
மத்தியாஸ் எந்த எண்ணையும் போடவில்லை.

ஐந்தரைக்கு என் கையெழுத்து வாங்கினார்கள்.
என் ஒப்பந்தம் முக்கால் பக்கம்.
அதில் நோய் என்ற சொல்லே கிடையாது.
வாசலில் ஆனெலீஸ் கை குலுக்கியபோது
எந்த மொழியிலும் இல்லாமல்
கந்தகக் கிடங்கின் பக்கம் ஒருமுறை பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
ஹாஷிமும் பார்த்தார்.

பட்டர்வொர்த் படகுத்துறையில் நல்ல கூட்டம்.
நாளைக்குக் கூப்பிடுவார்களா, தெரியாது.
ஒரு தூண் பக்கம் ஒதுங்கி,
முழங்கையில் வாய் பொத்தி,
காலையிலிருந்து வைத்திருந்ததை
இருமி முடித்தேன்.