நாற்பத்தொன்றாம் கட்டு

இருபத்து மூன்றாம் நாளும்
பெரியார் நிலையத்தில் செக்கானூரணி பஸ் ஏறி
யுனிவர்சிட்டி என்கிறேன்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக்கொண்டே
கண்டக்டர் சொல்கிறார்:
"இன்னைக்கும் பூட்டுத்தாம்மா."

தெரியும்.
வீட்டில் இருந்தால் அப்பா கேட்பார்
படிப்ப முடிச்சிட்டியா இல்லையா என்று.
முடிச்சிட்டேன்ப்பா, ஆனா முடியல.
கிரைண்டர் சத்தத்துக்கு மேல் இதை
எப்படிக் கத்திச் சொல்வது?

ஏப்ரலில் எழுதினேன், புள்ளியியலில் ஐந்து தாள்.
கடைசித் தாளுக்குக் கூடுதல் பக்கம் வாங்கி
வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டேன்.
அந்த முடிச்சின்மேல் இன்னும் ஒரு விரல் படவில்லை.
தேர்வுப் பிரிவின் வடக்கு அறை,
நாற்பத்தொன்றாம் கட்டு.
ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு
ரோஸ்லின் சொன்னாள்:
"குளவி கூடு கட்டுதுடி
நம்ம விடைமேல."

கோயம்புத்தூர் கம்பெனி
முப்பதாம் தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் கேட்கிறது.
இன்று இருபத்தெட்டு.

பந்தலுக்குள் கோபத்தோடுதான் போனேன்.
அச்சம்பத்திலிருந்தே வாக்கியம் அடுக்கியிருந்தேன்:
உங்க சண்டைக்கு எங்க வருசமா விலை?
இரண்டாவது வாக்கியம் இன்னும் நன்றாக இருந்தது.
அதைச் சொல்லவே இல்லை.

ஒச்சம்மாள் அக்கா
முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.
ஹால் டிக்கெட்டை நீட்டிய நாளில்
அந்தக் கழுத்தில் தங்கச் சங்கிலி இருந்தது.
இப்போது மஞ்சள் கயிறு மட்டும்.
நான் பார்ப்பதைப் பார்த்து
முந்தானையை இழுத்துவிட்டார்.

"நாலு மாசமாச்சு தாயி.
எம்மவன் திருமங்கலத்துல படிக்கான்,
பீஸ் கட்டலன்னு அவனையும் வெளிய நிறுத்திட்டாங்க.
ஒனக்குப் பூட்டுனது நாங்க.
அவனுக்கு யாருன்னு சொல்லு."

என்னிடம் பதில் இல்லை.
பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி.

"எழுதுறவரு இன்னைக்கு வரல.
ஓங் கையெழுத்து எப்பிடி?"

விடைத்தாள் வந்த பெட்டியைக் கிழித்த அட்டை.
குண்டு மார்க்கர்.
மண்டியிட்டு உட்கார்ந்து,
பழக்க தோசத்தில் இடது ஓரம் கோடு போட்டேன்.
வலது மூலையில் பதிவெண் எழுதப்போன கையை
நானே பிடித்து நிறுத்தினேன்.
பிறகு எழுதினேன்,
கொடு கொடு சம்பளம் கொடு
என்று, தலைப்புக்கு அடிக்கோடிட்டு.

நாலு மணிக்குத் தேனி ரோட்டில் வரிசையாக நின்றார்கள்.
நான் நிற்கவில்லை.
புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
உசிலம்பட்டி பஸ் ஒன்று வேகம் குறைத்தது.
ஜன்னலோரம் ஒரு சிறுவன்
வாய்விட்டு எழுத்துக் கூட்டினான்:
"ச...ம்...ப...ள...ம்."
இந்தப் பருவத்தில் என் எழுத்தைப்
படித்த முதல் ஆள்.

"கதவு தொறந்தா
ஒங் கட்டத்தான் மொதல்ல அவுப்பேன்" என்றார் ஒச்சம்மாள்.
எப்போது திறக்கும் என்று நான் கேட்கவில்லை.
அவரும் முப்பதாம் தேதியைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.
கோபம் போய்விட்டதா என்றால், இல்லை.
பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில்
என்னோடேதான் வந்தது.

கடையில் மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் போட்டபடி
அப்பா என் விரலைப் பார்த்தார்.
தேய்த்தும் போகாத கறுப்பு.
"இன்னைக்குப் பரீச்சையா?"
"ம்."
"எப்படி எழுதின?"
"பெருசா."